மைல்டா, மீடியமா, ஸ்பைசியா?

போன வாரம் சென்னையில ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தோம். ஏசி, மங்கல் வெளிச்சம், சுவத்துல ஒரு மாட்டு வண்டிச் சக்கரம். (கிராமத்துச் சாப்பாடுன்னா சக்கரம் மாட்டணும்னு எவன் சட்டம் போட்டான்னு தெரியல.) மெனு கார்டுல "எண்ணெய் பரோட்டா, தென்மாவட்ட ஸ்டைல்"னு பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளல.

ஆர்டர் எடுக்க வந்த தம்பி குனிஞ்சு, ரொம்பப் பணிவா கேட்டாப்ல:

"சால்னா மைல்டா சார், மீடியமா, ஸ்பைசியா?"

நான் ராஜபாளையத்துக்காரன். சால்னாவுக்கு இப்படி ஒரு கேள்வி உண்டுங்கறதே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஸ்பைசின்னேன். வந்துச்சு. மேல வெள்ளையா ஒரு சுழி போட்டிருக்கு. கிரீமாம். வாயில வெச்சா இனிக்குது. இனிக்குதுங்க! சால்னா!

எதிர்ல வீட்டம்மா "நல்லாத்தானே இருக்கு"ன்னு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்க தஞ்சாவூர்ப் பக்கம். அந்த விவாதத்த இங்க எடுக்க வேண்டாம். வீட்டுல நிம்மதியா இருக்கணும்ல.

அந்த எரிச்சல் இன்னும் அடங்கல. அதான் எழுத உக்காந்துட்டேன்.

எங்க ஊர்ல ஒரு ராத்திரிக் கடை இருந்துச்சு. போர்டு கிடையாது. பேரும் கிடையாது, "அண்ணாச்சி கடை"ன்னா போதும். (எங்க பக்கம் அண்ணாச்சி கடைக்குப் பஞ்சமே இல்ல. ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க செட்டுல அப்படிச் சொன்னா அது ஒரே கடைதான்.) எந்தத் தெருன்னும் சொல்லப்போறதில்ல. அண்ணாச்சி கறாராச் சொல்லிட்டாரு: "என் பேர எதுலயும் போட்டுறாதய்யா. அப்புறம் எவனாவது கேமராவத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பான்." பஞ்சு மார்க்கெட்டுல இருந்து பொடிநடையாப் போற தூரம். அவ்வளவு போதும்.

தகரக் கூரை. முன்னாடி பரோட்டாக் கல்லு. உள்ள நாலு பெஞ்சு, ஒண்ணு ஆடும். அந்த ஆடுற பெஞ்சுக்கு அடியில மடிச்சு வெச்ச அட்டை, நான் ஸ்கூல் படிக்கும்போது வெச்சது, வேலைக்குப் போனப்புறமும் அங்கயேதான் இருந்துச்சு. சாயங்காலம் விளக்கு வெச்ச பிறகுதான் அடுப்பப் பத்த வைப்பாங்க. எங்களுக்கெல்லாம் எட்டு மணிக்கே பசிக்கும். ஆனா கடைக்கு நெசமான கூட்டம் வர்றது செகண்ட் ஷிப்ட் விட்டப்புறம்தான்.

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. ராஜபாளையம்னா உடனே நாய்ம்பாங்க. நாய் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா ஊருக்குச் சோறு போட்டது பஞ்சும் நூலும்தான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸ ஆரம்பிச்சாரு. அதுக்கப்புறம் மில்லு மேல மில்லு. அந்தாண்ட சத்திரப்பட்டிக்குப் போனா வீட்டுக்கு வீடு தறி, ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி. ஊரே மூணு ஷிப்ட்ல முழிச்சுத் தூங்கும்.

செகண்ட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்கள கடைக்குள்ள நுழையும்போதே கண்டுபிடிச்சுடலாம். புருவத்துல பஞ்சு ஒட்டியிருக்கும். கை கழுவுற இடத்துல முகத்தத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவாங்க, அப்பவும் காது மடல்ல கொஞ்சம் மிச்சம் இருக்கும். உக்காந்ததும், "அண்ணாச்சி, தொண்டையில பஞ்சு நிக்குது, எறக்கி விடுங்க"ம்பாங்க. காரமா ஊத்துங்கன்னு அர்த்தம். காரம் சாப்பிட்டா பஞ்சு எறங்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டா அடிக்க வருவாரு. ஆனா அந்த மக்கள் முழுசா நம்புனாங்க. மூக்கு ஒழுகி, கண்ணுல தண்ணி வந்து, ஒரு இருமு இருமிட்டு, "இப்பத்தான்யா மூச்சு வருது"ன்னு அவங்க சொன்னத நான் பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன்.

ஆக, அந்தக் கடையோட காரம் மில்லுக்காரங்களுக்காகப் பொறந்த காரம். நாங்க எல்லாம் ஓசியில அனுபவிச்சவங்க.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

எண்ணெய் பரோட்டான்னா விருதுநகர்தான், அத மறுக்கிற துணிச்சல் எனக்கில்ல. தட்டைக் கல்லுல சுடுறதுக்குப் பதிலா குழிவான கல்லுல எண்ணெய் நிக்க நிக்கப் போட்டு, முறுகலா எடுப்பாங்க. விருதுநகர் எங்க ஜில்லாத் தலைநகர். அங்க கத்துக்கிட்டு வந்து ஊர் ஊரா கல்லு போட்டவங்கள்ல எங்க கடை மாஸ்டரும் ஒருத்தர். தெக்க தென்காசி ரோட்டப் பிடிச்சுப் போனா செங்கோட்டை கிட்ட பார்டர் கடை, அங்க நாட்டுக்கோழியும் மிளகும். நடுவுல நாங்க. ரெண்டு பக்கமும் பேரு வாங்கிட்டாங்க, எங்க ஊருக் கடைய ஒருத்தனும் எழுதல. (இப்ப நான் எழுதறேன், கடை மூடினப்புறம். வழக்கம்தானே.)

இலையில பரோட்டா வந்து விழும். அண்ணாச்சியே கைய வெச்சு நொறுக்கிடுவாரு. சூடு அவருக்கு உறைக்காது, அந்த விரல் நுனியெல்லாம் மரத்துப் போயி பல வருஷம் ஆகியிருக்கும். நொறுக்கின மேல சால்னா. உடனே சாப்பிடக்கூடாது. ஒரு நிமிஷம் ஊறணும். கீழ இருக்கற துண்டு ஊறி மெத்துன்னு இருக்கும், மேல இருக்கறது இன்னும் மொறுமொறுன்னு இருக்கும். ரெண்டையும் சேர்த்து அள்ளணும்.

கூட என்ன வேணும்? சுக்கா, ஆம்லெட், கலக்கி. காடை கிடைக்கிற அன்னிக்குக் காடை. வெங்காயம் கேட்டா வரும், கேக்கலன்னாலும் வரும்.

இப்ப முக்கியமான விஷயம். சால்னா ஒரே அண்டாதான். மைல்டு அண்டா, மீடியம் அண்டான்னு கிடையாது. ஆனா அந்த ஒரு அண்டாவுல இருந்து ஆளுக்கு ஒரு காரம் வரும்.

எப்படின்னா, கரண்டி.

அண்டாவுல மேல ஒரு விரக்கடைக்குச் செக்கச்செவேல்னு எண்ணெய் மிதக்கும். மில்லுக்காரங்க வந்தா கரண்டிய மேலாப்புல படுக்கப் போட்டு, அந்த எண்ணெயவே வழிச்சு ஊத்துவாரு. எங்கள மாதிரிப் பயலுகளுக்குப் பாதி மேல, பாதி உள்ள. சின்னப் பிள்ளைங்க, வெளியூர்க்காரங்க, வயித்துப்புண்ணுக்காரங்க வந்தா கரண்டியக் குப்புறப் பிடிச்சு, அது முதுகால எண்ணெய ஒதுக்கித் தள்ளிட்டு, அடியில முக்கி எடுப்பாரு. அடியில இருக்கறது தேங்காயும் கசகசாவும் எலும்புச் சாறுமாச் சாதுவா இருக்கும். அந்த மணிக்கட்டு திரும்புற திருப்பத்த நான் வாய் பிளந்து பார்த்திருக்கேன். யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு. புது ஆளுன்னா மட்டும் ஒரே கேள்வி:

"எந்த ஊரு தம்பி?"

திருச்சிக்கு வடக்க எந்த ஊரச் சொன்னாலும் கரண்டி குப்புற விழும். மேல்முறையீடே கிடையாது. ஒருத்தர் "எனக்குக் காரம் பழக்கம்தாங்க"ன்னு மல்லுக்கு நின்னாரு. "மொதல்ல இதச் சாப்பிடுங்க, ரெண்டாவது பரோட்டாவுக்குப் பாப்போம்"னாரு அண்ணாச்சி. ரெண்டாவது பரோட்டாவுக்கு அந்த மனுஷன் வாயே திறக்கல.

இதுல ஒரு விஞ்ஞானம் இருக்குன்னு ரொம்பப் பின்னாடிதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மிளகாய்ல உறைக்கிற சரக்குக்குப் பேரு கேப்சைசின். அது தண்ணியில லேசுல கரையாது, எண்ணெய்ல நல்லாக் கரையும். அதனால கொதிக்கக் கொதிக்க உறைப்பு எண்ணெய்க்குள்ள போய் மேல வந்து நிக்குது. அண்ணாச்சிக்குக் கேப்சைசினும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஆனா காரம் அண்டாவுல எந்த மாடியில குடியிருக்குன்னு தெரிஞ்சிருந்துச்சு.

காரத்த அளக்கணும்னு வெள்ளைக்காரனுக்கும் ஆசை வந்திருக்கு. 1912-ல அமெரிக்காவுல வில்பர் ஸ்கோவில்னு ஒரு மருந்தாளுநர், மிளகாய்ச் சாறச் சர்க்கரைத் தண்ணியில கரைச்சுக் கரைச்சு ஆளுங்களுக்குக் குடிக்கக் கொடுத்தாரு. எவ்வளவு கரைச்சா உறைப்பு தெரியாமப் போகுதோ, அதான் அந்த மிளகாயோட நம்பர். இன்னிக்கும் சாஸ் பாட்டில்ல போடுறான் பாருங்க, அந்த ஸ்கோவில் கணக்குதான். அதுக்கப்புறம் டேவிட் ஜூலியஸ்னு ஒருத்தர், மிளகாய் உறைக்கும்போது நாக்குல வேலை செய்யறது சூட்ட உணர்ற அதே உணர்வேற்பிதான்னு கண்டுபிடிச்சு 2021-ல நோபல் பரிசே வாங்கிட்டாரு. சுமாரா 43 டிகிரிச் சூட்டுக்கு மேல போனா அலறுற அந்தக் காவக்காரன், மிளகாயப் பார்த்தாலும் "தீ, தீ"ன்னு அலறுறான். உண்மையில எதுவும் எரியல. மூளைதான் ஏமாறுது.

எங்க மில்லுக்காரங்க தினம் ராத்திரி மூளைய ஏமாத்திட்டுப் போய்ப் படுத்தாங்க. நோபல் யாரும் கொடுக்கல.

இப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டிய விடுறேன். பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். எங்க சித்தி வீடு அங்க. திருமுக்குளம் பக்கம்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற போட்டி இருக்கே, அது அண்ணன் தம்பிச் சண்டை. அவனுகளுக்கு ஆண்டாள், ஆடிப்பூரத் தேரு, பால்கோவா. எங்களுக்கு மில்லு, மாம்பழம், காரம். சித்தி பிள்ளைங்க ரெண்டு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்துருவானுக. பையில பால்கோவாப் பொட்டலம் ரெண்டு. ஒண்ணு எங்க வீட்டுக்கு. இன்னொண்ணு அவனுகளுக்கு, அண்ணாச்சி கடையில வெச்சுத் திங்க.

பரோட்டா ரெண்டு வாய், பால்கோவா ஒரு விள்ளல். மறுபடி பரோட்டா ரெண்டு வாய். பாக்கவே சகிக்காது. நாங்க கேலி பண்ணாத நாள் கிடையாது. ஆனா வேலை செஞ்சுது! நாங்க செம்புத் தண்ணியக் குடிச்சுட்டு உஸ்ஸு உஸ்ஸுன்னு ஊதிக்கிட்டு இருப்போம், அவனுக ராஜா மாதிரி உக்காந்திருப்பானுக. தண்ணி குடிச்சா எரிச்சல் வாய் முழுக்கப் பரவுமே தவிர அடங்காது. பால்ல இருக்கற கேசின்ங்கிற புரதமும் கொழுப்பும்தான் கேப்சைசினப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். பால்கோவான்னா என்ன? பாலு, சர்க்கரை, அடுப்படியில நின்னு கிண்டினவரோட தோள்பட்டை. அவ்வளவுதானே. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடு வந்தப்ப சித்தி மகன் எனக்குப் போன் போட்டு, "உங்க சால்னாவுக்கு எப்ப?"ன்னு கேட்டான். இன்னிக்கு வரைக்கும் அதுக்குப் பதில் சொல்லல நான்.

(ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல கிடைச்சிருச்சு. மிளகாய்க்கு உண்டு, பால்கோவாவுக்கு உண்டு. நடுவுல இருக்கற சால்னாவுக்குத்தான் நாதியில்ல.)

அண்ணாச்சிக்கு இந்தப் பால்கோவா விவகாரம் சுத்தமாப் பிடிக்காது. "டேய், கடைக்குள்ள அந்தப் பொட்டலத்தப் பிரிக்காதீங்கடா. பாக்கறவன் என்ன நெனப்பான்? கடையில போட்டது சாப்பாடா மருந்தா?"ம்பாரு. அவனுக வெளிய போய் நின்னு பால்கோவா தின்னுட்டு, உள்ள வந்து பரோட்டா சாப்பிட்டுட்டு, மறுபடி வெளிய போவானுக. கடைசியில அண்ணாச்சியே வெறுத்துப்போய், "உள்ளயே திங்குங்கடா, வழியில நின்னு உசிர வாங்காம"ன்னுட்டாரு.

ஆண்டாள் ஊர்க்காரங்களக் கேலி பண்ண எனக்கு ஒரு ஆயுதம் கிடைச்சுது, அதையும் சொல்லிடறேன். ஆண்டாள் காலத்துல மிளகாயே கிடையாது. அது போர்ச்சுக்கீசியர் கப்பல்ல 16-ஆம் நூற்றாண்டு வாக்குல வந்து எறங்கினது. ஆண்டாள் அழகருக்கு நூறு தடா அக்கார அடிசில் நேர்ந்துக்கிட்டா, பின்னாடி ராமானுஜர் வந்து அந்த நேர்த்திக்கடன முடிச்சு வெச்சாருன்னு சொல்வாங்க. முழுக்க இனிப்பு. "உங்க ஊரு அன்னிலேர்ந்தே சர்க்கரைதான்டா"ன்னேன். அதுக்குச் சித்தி மகன் பதில் வெச்சிருந்தான். ஆண்டாள் தோள்ல ஒரு கிளி இருக்கும் தெரியுமில்ல, மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலை உடம்புன்னு தினமும் புதுசாக் கட்டுவாங்க. "கிளிக்கு எவ்வளவு மிளகாய் கொடுத்தாலும் உறைக்காதுடா, எங்க ஆளுதான் ஜெயிச்சாரு"ன்னான். எரிச்சலா இருந்தாலும் அது நெசம். பறவைகளுக்குக் கேப்சைசின் உறைக்காது. அதுங்க பழத்தத் தின்னு விதையத் தூரத்துல போட்டு மிளகாயப் பரப்புதுங்க. உறைக்கிறதெல்லாம் அணில், எலி, நாம. (அணிலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில சரணாலயமே இருக்கு, சாம்பல் நிற அணில். அதுகிட்ட வத்தலக் காட்டிச் சோதிக்க வேண்டாம், வனத்துறை பிடிச்சுட்டுப் போயிரும்.)

கடை எப்படி மூடுச்சு?

பெரிய கதை ஒண்ணும் இல்ல. 2020 மார்ச்சுல ஊரடங்கு. மில்லு நின்னுச்சு, கடையும் நின்னுச்சு. அப்புறம் ஹோட்டல்ல பார்சல் மட்டும் கொடுக்கலாம்னு சொன்னாங்க. அண்ணாச்சி கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்தாரு. மாஸ்டர் சொந்த ஊருக்குப் போனவர் திரும்பல. அண்ணாச்சிக்கு மூட்டு வலி வேற. ஒருநாள் அண்டாவக் கழுவிக் கவுத்தினாரு, அதோட சரி. இப்ப அந்த இடத்துல செல்போன் கவர் விக்கிறாங்க.

கொரோனாவாலதான் மூடுச்சுன்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். ஊருக்குப் போனப்ப அவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். வாய்விட்டே கேட்டேன். அவர் சொன்ன காரணம் வேற.

"பார்சல்ல எவன் திங்கப்போறான்னு தெரியமாட்டேங்குதய்யா. வாங்க வர்றவன் ஒருத்தன், திங்கிறவன் வீட்டுல இருக்கான். அவன் பிள்ளையா, பெருசா? எனக்கு எங்க இருந்து அள்ளுறதுன்னே பிடிபடல. எல்லாத்துக்கும் நடுவுல இருந்து அள்ளிப் போட்டேன். ஒருத்தன் காரம் இல்லைங்கறான், ஒருத்தன் பிள்ளை அழுதுச்சுங்கறான். எதுக்கு இந்தப் பொழப்பு?"

இத அவரு சாதாரணமாத்தான் சொன்னாரு. டீயக் குடிச்சுக்கிட்டே.

அவரு பையன் எடுத்து நடத்தலியான்னு கேப்பீங்க. பையன் வேற ஊர்ல நல்ல வேலையில இருக்கான். ராத்திரி பூரா அடுப்புக்கிட்ட நிக்கிற வேலைக்குப் பிள்ளையக் கூப்பிட அவருக்கே மனசில்ல. "நான் நின்னது போதும்"னாரு. அதுல தப்புச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? நமக்குச் சால்னா வேணுங்கறதுக்காக ஒருத்தர் முழங்கால் தேயணுமா?

மெட்ராஸ்ல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல மூடினப்ப பேப்பர் பேப்பரா எழுதினாங்க. 1962-ல ஆரம்பிச்ச கடை. கார்லயே உக்காந்து தட்ட மாட்டிக்கிட்டுச் சாப்பிட்ட பெரிய மனுஷங்கள்லாம் கண் கலங்கினாங்க. இப்ப அங்க செம்மொழிப் பூங்கா, 2010-ல தெறந்தது. எனக்கு அதுல பொறாமை உண்டு, மறைக்கல. எழுதத் தெரிஞ்சவங்க சாப்பிட்ட கடை செத்தா இரங்கல் கட்டுரை வருது. ஷிப்ட் முடிஞ்சு வந்தவங்க சாப்பிட்ட கடை செத்தா செல்போன் கவர் வருது.

இது நம்ம ஊருக் கூத்து மட்டும் இல்ல. அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் சான் அன்டோனியோன்னு ஒரு ஊரு. அங்க 19-ஆம் நூற்றாண்டு கடைசியில, பொழுது சாய்ஞ்சா மைதானத்துல மேசை போட்டு, லாந்தர் வெச்சு, மெக்சிகோ வம்சாவளிப் பொம்பளைங்க காஞ்ச மிளகாய் போட்ட கறிக் கொழம்பு வித்திருக்காங்க. "சில்லி ராணிகள்"னே அவங்களுக்குப் பேரு. வண்டிக்காரன், சிப்பாய், கூலிக்காரன், வேடிக்கை பார்க்க வந்த பணக்காரன், எல்லாரும் ஒரே பெஞ்சு. 1930-கள்ல நகராட்சி சுகாதார விதியக் காட்டி எடுத்து விட்டுச்சு. அப்புறம் ஆற அமர அந்தச் சாப்பாட்டையே டெக்சாஸோட மாநில உணவுன்னு 1977-ல சட்டசபையில தீர்மானம் போட்டாங்க! கடைய மூடிட்டுக் கொழம்புக்குக் கிரீடம். அந்த மைதானத்து ராத்திரிகளப் பத்திப் படிக்கும்போது எங்க ஊரு ஜவஹர் மைதானத்துப் பக்கம் நிக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

நான் சும்மா புலம்பிட்டு இருக்கல. வீட்டுல செஞ்சு பார்த்தேன். விடாமச் செஞ்சு பார்த்தேன்.

மொதல்ல சென்னைக் கடையில வாங்கின பாக்கெட் வத்தப்பொடி. கலர் என்னமோ கல்யாண வீட்டுப் பட்டுப் பொடவதான். உறைப்பு? ஊஹூம். பாக்கெட்டத் திருப்பிப் பார்த்தா காஷ்மீரி கலந்திருக்கு. அது நெறத்துக்குப் போடுறது, நமக்கு ஆகாது. அப்புறம் ஊர்ல இருந்து சம்பா வத்தல் வரவழைச்சேன். விருதுநகர் வத்தல் வியாபாரத்துக்கே பேரு போன ஊரு, அங்க சொல்லி வாங்குறதுல ஒரு சிரமமும் இல்ல. நீளமா, ஒல்லியா, நுனி கூரா இருக்கும் சம்பா. முண்டு வத்தல் குண்டா, தோல் தடிமனா இருக்கும், தாளிக்கும்போது பொங்கி வரும், வாசம் வேற. அண்ணாச்சி ரெண்டும் போடுவாருன்னு எனக்கு மங்கலா ஞாபகம்.

வத்தல வெயில்ல காய வெச்சு மில்லுக்குக் கொண்டு போனேன். சென்னையில மசாலா அரைக்கிற மில்லு கண்டுபிடிக்கிறதே ஒரு பாடு. மில்லுக்காரம்மா வாளியப் பார்த்துட்டு, "இப்பத்தான் மல்லி ஓடியிருக்கு. முதல் கை மாவு மல்லியாத்தான் வரும், தனியா எடுத்துக்குங்க"ன்னாங்க. அந்த நேர்மைக்காகவே அவங்கள மறக்கமாட்டேன். வரிசையில நின்ன எல்லாரும் தும்மிக்கிட்டே என்னைப் பார்த்த பார்வைய இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

பொடி நல்லா அமைஞ்சுது. சால்னா அமையல. என்ன குறையுதுன்னு பிடிபடவே இல்ல. எலும்புச் சாறு மாத்திப் பார்த்தேன். தேங்காயக் கூட்டினேன், குறைச்சேன். வீட்டம்மா, "இதுவும் நல்லாத்தானே இருக்கு"ன்னாங்க. (அந்த "நல்லாத்தானே"ய நம்பினா ஒருத்தனும் உருப்பட முடியாது.)

கடைசியில அண்ணாச்சிக்கே போன் போட்டேன்.

"எண்ணெய் மேல மிதக்குதா?"

"மிதந்துச்சு அண்ணாச்சி. கொலஸ்ட்ரால்னு வழிச்சு எடுத்துட்டோம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "அத எடுத்துட்டு எதுக்குய்யா சால்னா? ரசம் வெச்சுக் குடி"ன்னாரு.

திட்டி முடிச்சப்புறம் இன்னொண்ணு சொன்னாரு. வத்தல் ரெண்டு தடவை போகணுமாம். பொடி எண்ணெய்லயே மொதல்ல வதங்கணும், அது நிறத்துக்கும் அடிக்காரத்துக்கும். கொதிச்சு எறக்குறதுக்குக் கொஞ்சம் முந்தி, வெந்நீர்ல ஊற வெச்ச வத்தல அம்மியில அரைச்சு அந்த விழுதச் சேர்க்கணும். அதுதான் அந்தத் தாமதமாப் பிடிக்கிற காரம். மொத வாய்ல ஒண்ணும் தெரியாது, மூணாவது வாய்ல காதுக்குள்ள மணியடிக்குமே, அது. இத்தனை வருஷம் அந்த மூணாவது வாய்க்காகத்தான் போயிருக்கேன், அது எங்க இருந்து வருதுன்னு தெரியாமலே.

இப்ப எங்க வீட்டுல வைக்கிற சால்னா இதான், வேணும்னா நீங்களும் பாருங்க. கடலை எண்ணெய் தாராளமா. பட்டை, சோம்பு பொரிஞ்சதும் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு. தக்காளி கரைஞ்சு எண்ணெய் பிரியற வரைக்கும் அவசரப்படாதீங்க. அப்புறம் வத்தப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள், சிறுதீயில. கருகினா அவ்வளவுதான், மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஆட்டு எலும்பு வேக வெச்ச தண்ணிய ஊத்திக் கொதிக்க விட்டு, தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை அரைச்ச விழுதச் சேருங்க. பொட்டுக்கடலை ஒரு ஸ்பூனுக்கு மேல வேண்டாம், கெட்டியாகணும்னு அள்ளிப் போட்டா குருமாவாகிடும். கடைசியா ஊற வெச்சு அரைச்ச வத்தல். மிக்ஸியில அரைக்கலாம், ஆனா நைசா வேண்டாம், விதை ஒண்ணு ரெண்டு பல்லுல படணும்.

எண்ணெய வழிக்காதீங்க. பிள்ளைங்களுக்குன்னா கரண்டியக் குப்புறப் பிடிச்சு ஒதுக்குங்க. எனக்கு அந்த மணிக்கட்டு இன்னும் வரல, பாதி எண்ணெய் திரும்ப வந்து விழுந்துடுது, என் மக அழுதுக்கிட்டே பால்கோவா கேக்குறா. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத்தம் எங்கயோ கலந்திருக்கு போல.

மிச்சம் இருந்தா மறுநாள் இட்லிக்கு ஊத்திக்கலாம். தோசைக்கும் நல்லாருக்கும். சப்பாத்திக்கு வேண்டாம், ரெண்டுக்குமே கெட்ட பேரு.